நங்கூரம் தேடிப் போன இரண்டு பேர்

ஏளா,

இன்று காலையில் நம்முடைய மிஷினைப் பார்த்தேன். அதேதான் என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். ஆனால் அதே ராணுவப் பச்சை, அதே நீளக் கம்பு, கம்பின் முனையில் அதே வட்டத் தட்டு, காதில் மாட்டும் கறுப்புக் கிண்ணங்கள் இரண்டு. பீச் ரோட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு பழைய சாமான் கடை வந்திருக்கிறது. பழைய சாமான் என்றால் அந்தக் கடைக்காரருக்குக் கோபம் வரும். ‘ஆன்டிக்’ என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார். ஆயுசில் பாதியைப் பழைய சாமான் கடையில் கழித்தவள் நான், எனக்கே பாடம் நடத்துகிறார்.

“இது என்ன அண்ணாச்சி?” என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

“அது வெள்ளக்காரன் வீட்டுல தரை கூட்டுற மிஷின் ஆச்சி. தூசியெல்லாம் உறிஞ்சிரும். காதுல மாட்டுறது, அந்தச் சத்தம் கேக்காம இருக்கதுக்கு.”

நான் சிரித்த சிரிப்பில் மனுஷர் பயந்துபோய் ஸ்டூலை எடுத்துப் போட்டார். சோடா வாங்கிவரச் சொல்லட்டுமா என்றார். “சத்தம் கேக்காம இருக்கதுக்கு இல்லவே, சத்தம் கேக்கதுக்குத்தான் அது” என்று சொல்லிவிட்டு, அந்தக் கிண்ணங்களை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டரி இல்லாத மிஷினில் என்ன கேட்கும்? ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே அந்த ரப்பர் வாடை அப்படியே இருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய், கருவாட்டு மணமும் நீ கொண்டையில் செருகும் தாழம்பூ மணமும் சேர்ந்து.

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் அடக்கத்தன்று நான் அழவில்லை. அழுதால் உனக்குப் பிடிக்காது, “என்னளா மூக்கச் சிந்திக்கிட்டு” என்பாய். இன்று அந்தக் கடையில் நின்றுகொண்டு அழுதேன், சிரித்துக்கொண்டேதான். வீட்டுக்கு வந்ததும் பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பாதியை நம்ப மாட்டார்கள்.

நாம் முதலில் சண்டைக்காரிகள். தெருக்குழாயில் என் குடத்தை நகர்த்திவிட்டு உன் குடத்தை வைத்தாய். நான் உன் குடத்தை உருட்டிவிட்டேன். நீ என் கொண்டையைப் பிடித்தாய். கடற்கரைத் தெருக்காரிக்கும் கடைத்தெருக்காரிக்கும் நடந்த சண்டை என்று ஊரே வேடிக்கை பார்த்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோனதும்தான் சண்டையும் நின்றது. இரண்டு பேர் குடமும் காலி. நீதான் முதலில் சிரித்தாய். அதற்கப்புறம் ஒருத்தி வர நேரமானால் மற்றவள் இடம் பிடித்து வைக்கிறோம் என்று ஆயிற்று. உனக்கு மாதா கோவில், எனக்குச் சிவன் கோவில். குழாயடியில் நமக்கு ஒரே சாமி, தண்ணீர்.

உன் வீட்டுக்காரர் தோணித் தண்டல், தோணியை நடத்திப்போகிற தலைவர். கொழும்புக்குப் போய்வரும் பாய்த் தோணிகளில், காற்றைப் பார்த்து “இப்போ பாயை விரிலே” என்று சொன்னால் அத்தனை ஆட்களும் மறுபேச்சில்லாமல் விரிப்பார்கள். நல்ல உயரம். தெருவில் நடந்து வந்தால் சிறுசுகள் ஒதுங்கி வழிவிடும். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அந்த மனுஷரைத்தான் ஒரு சொல் தூக்கிக் கீழே போட்டது.

சுதந்திரம் வந்த மறு வருஷத்து ஐப்பசி அது. கொழும்பிலிருந்து திரும்பிய தோணி ஊருக்கு வடக்கே உப்பளத்துக் கரையோரம் நிற்கும்போது காற்று மாறிவிட்டது. கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது. தோணியை வெளிக்கடலுக்கு இழுத்துப்போய்விடும் என்று பயந்து, ஒரு நங்கூரத்தைச் சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து மண்ணில் புதைத்து, அதில் வடத்தைக் கட்டி, தோணியைப் பிடித்து வைத்தார்கள். மழையும் கொட்டிக் காற்று வலுத்ததும் அந்த வடத்தையே பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கரையேறி, உயிர் பிழைத்து, மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஓடினார்கள். பின்னால் வடம் அறுந்து தோணி எங்கேயோ போய் ஒதுங்கியது. தோணி தப்பியது, ஆளும் தப்பியது, நங்கூரத்தைத்தான் காணோம்.

வெள்ளம் வடிந்து அண்ணன் போய்ப் பார்த்தபோது கரை அடையாளம் தெரியாமல் மாறிக் கிடந்தது. அடையாளத்துக்கு வைத்திருந்த பனைகள் இல்லை. பள்ளம் இருந்த இடத்தில் மேடு, மேடு இருந்த இடத்தில் தண்ணீர். கடல் கரையைத் தின்றுவிட்டது, நங்கூரம் இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார். ஆழம் குறைந்த இடத்திலெல்லாம் முங்கிப் பார்த்தார். கம்பியால் குத்திப் பார்த்தார். அகப்படவில்லை.

தோணி முதலாளி பண்டகசாலை வாசலில் நின்று, அத்தனை சனத்தின் முன்னால் சொன்னார்: “நங்கூரம் நடந்தா போவும்? கொழும்புல இரும்புக்கு என்ன கிராக்கின்னு எனக்குத் தெரியாதா? தண்டல் அங்கனயே தள்ளிட்டு வந்திட்டான்.” ஆட்கள் எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை, “தண்டலுக்கு ஆட்கள் சாட்சியா?” என்று கேட்டார். யுத்தம் முடிந்தும் இரும்புக்குத் தட்டுப்பாடு தீராத காலம் அது. அதனால் கேட்டவர்களுக்கு நம்பத் தோன்றியது.

அதற்குப் பிறகு எந்தத் தோணிக்காரரும் அண்ணனைக் கூப்பிடவில்லை. குழாயடியில் உன்னைப் பார்த்து, “ஏளா, நங்கூரம் செமிச்சிட்டா?” என்று ஒருத்தி கேட்டாள். என் கொண்டையைப் பிடித்த கை அன்று குடத்தை மட்டும் தூக்கியது. அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் ராணுவக் கழிவுச் சாமான் ஒரு வண்டி ஏலத்தில் எடுத்துவந்து எங்கள் பழைய சாமான் கடையில் இறக்கினார். தண்ணீர்ப் புட்டி, இடுப்பு வார், தார்ப்பாய், வலது காலுக்கு மட்டும் ஒரு மூட்டை பூட்ஸ். அதோடு ஒரு நீள மரப்பெட்டி. திறந்தால் இந்த மிஷின். என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. ரேடியோக் கடைக்கு உடைத்துப் போட்டுவிடலாம் என்றார். பர்மா யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு சிப்பாய் பூட்ஸ் பார்க்க வந்தார். அவர்தான் கண்டதும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“அண்ணாச்சி, இது கண்ணிவெடி தேடுத மிஷின்லா! மண்ணுக்குள்ள இரும்பு எங்கன கெடந்தாலும் காதுக்குள்ள கத்தும்.”

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ கடைவாசலில் நின்றாய். உன் முந்தானைக்குள் அண்ணனின் பித்தளைத் திசைகாட்டிப் பெட்டி இருந்தது. விற்க வந்திருந்தாய். அதை விற்றால் அவர் இனிக் கடலுக்குப் போகப்போவதில்லை என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் வாங்கக் கை நீட்டினார். அந்தக் கை எட்டுவதற்குள் பெட்டியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, “இது விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. அந்த மிஷின் எனக்கு வேணும்” என்றாய்.

“அது வெடிக்குற சாமான் தேடுறது தாயி. உனக்கு எதுக்கு?”

“நங்கூரம் இரும்புதான?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ரேடியோக் கடையிலிருந்து பாட்டரி வந்தது. சிப்பாய் கடைக்குப் பின்னால் மண்ணில் ஒரு இரும்புப் பூட்டைப் புதைத்து, கிண்ணத்தை என் காதில் மாட்டிவிட்டு நடக்கச் சொன்னார். பூட்டுக்கு மேல் தட்டு போனதும் காதுக்குள் ‘ஊய்ய்’ என்று ஒரு கூச்சல். நான் மிஷினைப் போட்டுவிட்டு ஓடினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அண்ணன் படுத்த நாளிலிருந்து நீ சிரித்தது அதுதான் முதல் தடவை.

மிஷினை நீதான் தூக்குவதாக இருந்தது. ஆனால் அந்தக் கூச்சல் காதில் விழுந்ததும் உனக்குத் தலை சுற்றியது. கப்பலில் ஏறினால் எனக்கு வருவது மண்ணில் நின்றபடி உனக்கு வந்தது. அதனால் கேட்பது நான், தோண்டுவது நீ என்று ஆயிற்று. ஒரு மண்வெட்டி, ஒரு கடகப் பெட்டி, ஒரு குடம் தண்ணீர். இரண்டு பெண்பிள்ளைகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருத்தி காதில் கறுப்புக் கிண்ணத்தோடு, கடற்கரையில் காலையிலிருந்து வெயில் ஏறும்வரை நடந்தோம். உப்பளத்து ஆட்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். “ஏளா, எறும்புக்குச் சோறு போடுதியளா?” என்று ஒருவன் கேட்டான். “உங்க அப்பன் தொலச்ச மானத்தத் தேடுதோம்லே” என்றேன். அவன் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அண்ணன் சொன்னபடி முதலில் தண்ணீரோரத்தில் தேடினோம். அங்கே மிஷின் நிறுத்தாமல் கத்தியது. எங்கே வைத்தாலும் கத்தல். தோண்டினால் ஈரமண், கிளிஞ்சல், மறுபடியும் ஈரமண். நாளெல்லாம் தோண்டி உன் உள்ளங்கை கொப்பளித்துப்போனது. சிப்பாயிடம் போய்க் கேட்டால், “உப்பு ஊறுன மண்ணுல இது கிறுக்குப் பிடிச்ச மாதிரி கத்தும், நான் சொல்லலையா?” என்றார். சொல்லவில்லை! சொல்லியிருந்தால் அத்தனை நாள் கடற்கரையைக் கிண்டி வைத்திருப்போமா? அன்று அவரைத் திட்டிய திட்டில், அப்புறம் அவர் பூட்ஸ் வாங்கக் கடைப்பக்கமே வரவில்லை.

பிறகு காய்ந்த மண்ணுக்கு ஏறினோம். அங்கே மிஷின் ஒழுங்காக இருந்தது. இரும்பு இருந்தால் கத்தியது, இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டது. மீன் டப்பா கிடைத்தது. குதிரை லாடம் கிடைத்தது. யாருடையதோ கரண்டி கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் உன் முகம் மலரும், பிறகு வாடும். அதைப் பார்க்க முடியாமல் நான் தட்டையே பார்த்து நடந்தேன்.

அந்த மேட்டுக்கு நாம் போகவில்லை. போகத் தோன்றவே இல்லை. உயிர் தப்பி வந்த ஆட்கள் நேர்ந்துகொண்டு ஒரு குருசு நட்டிருந்தார்களே, நான் சிலுவை என்பேன், அந்த மேடு. அலை எட்டாத உயரமாகப் பார்த்து அண்ணன்தான் இடம் சொல்லி, தன் கையால் நட்டார். கடலுக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சுற்றி நாலு முழத்துக்கு ஒருவரும் செருப்போடு போக மாட்டார்கள், மண்வெட்டியோடு யார் போவார்கள்?

ஒரு நாள் எனக்குத்தான் கால் ஓய்ந்துபோய், நிழலுக்கு அந்தக் குருசின் அடியில் வந்து நின்றேன். காதில் கிண்ணம் இருந்தது. கையில் தட்டு தொங்கியது. காது கிழிகிற மாதிரி ஒரு கத்தல். லாடத்துக்கும் டப்பாவுக்கும் கத்தியதெல்லாம் ஒரு கத்தலா!

“குருசுல ஆணி அடிச்சிருப்பாவ” என்று சொல்லி நான் நகர்ந்துவிட்டேன். ஆனால் கருவாடு காயப்போட வந்த ஒருத்தி என் முகம் போன போக்கைப் பார்த்திருந்தாள். தானும் கேட்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கி மாட்டினாள். மாட்டியவள் அப்படியே மண்ணில் முழங்காலிட்டாள்.

“சேசுவே! குருசு அழுவுது!”

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் கடற்கரைத் தெரு முழுவதும் அங்கே. ஒவ்வொருத்தியாக வரிசையில் வந்து கிண்ணத்தை மாட்டிக் கேட்டார்கள். கேட்டவளெல்லாம் அழுதாள். மெழுகுதிரி வந்தது, பூ வந்தது. உன்னிடம் நங்கூரம் செமித்துவிட்டதா என்று கேட்டவள்கூட வந்து உன் கையைப் பிடித்து, “ஒன் மாப்பிள நட்ட குருசுளா! எவ்வளவு பாக்கியம்!” என்றாள். பாட்டரி தீர்ந்துவிடும் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

நீ குருசையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றாய். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாதித் தூரம் வந்தபிறகு சொன்னாய்.

“அந்தக் குருசுல ஆணியே கெடையாதுளா.”

“என்னது?”

“தோணி ஆளுக கட்டுன குருசு. பாய்மரக் கட்டை ரெண்ட எடுத்து வடக்கயிறு போட்டுக் கட்டுனது. நாந்தான் கயிறு எடுத்துக் குடுத்தேன். ஒரு ஆணி கெடையாது.”

நான் நின்றுவிட்டேன். நீயும் நின்றாய். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பெய்த மழைக்கும் அடித்த அலைக்கும் அந்த இடத்தில் மட்டும் ஏன் மேடு வந்தது? உள்ளே ஏதோ ஒன்று மண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. உயரமான இடம் என்று பார்த்து அண்ணன் குருசை நட்டது, தன் நங்கூரத்தின் தலைமேலேயே!

எனக்கு அப்போதே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது. உனக்கு அப்படி இல்லை. எனக்கு அது ஒரு மரம். உனக்கு அது குருசு. அதுவும் இப்போது ஊரே அழுது கும்பிட்ட குருசு. மறுநாள் மாதா கோவில் உபதேசியாரிடம் போய்க் கேட்டாய். “நேர்ச்சக் குருசப் பிடுங்குறதா? சாமியார் ஊர் ஊராச் சுத்துக்குப் போயிருக்காவ. வரட்டும், கேப்போம். வாரதுக்குப் பாஸ்குத் திருநாள் ஆயிரும்” என்றார். பாஸ்கு வரைக்கும் உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பாரா என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பேசாமல் இருந்தால் நீ பாக்கியசாலி, குருசு அழுத வீட்டுக்காரி. தோண்டி ஒன்றும் கிடைக்காவிட்டால் கள்ளன் பெண்டாட்டி என்ற பெயரோடு குருசைப் பிடுங்கியவள் என்ற பெயரும் சேரும். அப்புறம் இந்தக் கரையில் எங்கே இருப்பது? உனக்கு இருந்த பயத்தை நான் பார்த்தேன். ஆனால் நீ அப்போது செய்ததை நான் யோசித்திருக்கக்கூட மாட்டேன்.

நேரே வீட்டுக்குள் போய், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் பாயைப் பிடித்து இழுத்தாய்.

“நேர்ச்ச நேந்தது யாரு?”

அவர் திரும்பவில்லை.

“குருசு நட்டது யாருன்னு கேக்கேன். நீருதான? நட்டவருக்கு எடுக்க உரிமை உண்டுமா இல்லையா? எந்திரியும். வந்து நீரே எடுத்துக் கையில வச்சிக்கிடும். குருசு தரையில படாது. நாங்க தோண்டுதோம். இருந்தா உம்ம மானம். இல்லைன்னா நானும் உம்ம பக்கத்துல இந்தப் பாயில சுவரப் பாத்துப் படுத்துக்கிடுதேன்.”

எழுந்தார், ஏளா! எத்தனையோ நாளாக எழாத மனுஷர் எழுந்தார். தாடியும் மீசையுமாக, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உன் பின்னால் கடற்கரைக்கு நடந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. உபதேசியார் குறுக்கே வந்தார். அண்ணன் அவரிடம் ஒன்று மட்டும் சொன்னார்: “நான் கும்பிட்டுத்தான் எடுக்குதேன் அய்யா. கும்பிட்டு இதே எடத்துலதான் திரும்ப நடுவேன்.” அந்தக் குரலைக் கேட்டு ஆட்கள் பழைய பழக்கத்தில் வழிவிட்டார்கள்.

முழங்காலிட்டார். செபம் சொன்னார். எழுந்து குருசை இரண்டு கையாலும் அணைத்து, ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். தோளில் சாய்த்துக்கொண்டு பத்தடி தள்ளிப்போய் நின்றார். நான் தட்டைக் கொண்டுபோய்க் குருசின் பக்கத்தில் வைத்தேன். மிஷின் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்து மேட்டின் மேல் வைத்தேன். காதைப் பிய்த்தது.

“குருசு அழல! மண்ணுதான் அழுவுது!” என்று கத்தினேன்.

நீ மண்வெட்டியை ஓங்கினாய். முதலில் நீ மட்டும். பிறகு அந்தத் தோணியில் உயிர் தப்பிய ஆட்களில் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அப்புறம் மற்றவர்கள். பெண்கள் கடகப் பெட்டியில் மண் சுமந்தார்கள், நங்கூரம் செமித்ததா என்று கேட்டவளும் சுமந்தாள். குருசு நட்ட குழிக்குக் கீழே ஒரு முழம்கூடப் போகவில்லை. ‘ணங்’ என்றது. அந்தச் சத்தம் மிஷின் இல்லாமலே எல்லோர் காதிலும் விழுந்தது.

துருவேறிய ஒரு கை மட்டும் முதலில் தெரிந்தது, வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு. சுற்றி மண்ணைத் தள்ளத் தள்ள முழு நங்கூரமும் வந்தது, வளையத்தில் அறுந்த வடத்தின் முனையோடு. தண்டில் துருவைச் சுரண்டினால் முதலாளியின் பெயரெழுத்து இருந்தது, அவரே அடிக்கச் சொன்ன எழுத்து. கடற்கரையே கத்தியது. சின்னதும் பெரிதுமாக எல்லோரும் கத்தினார்கள். உபதேசியாரும் கத்தினார். அண்ணன் மட்டும் குருசை இறக்காமல் நின்றார். தாடியெல்லாம் கண்ணீர். குருசைப் பிடித்திருந்ததால் துடைக்கக் கை இல்லை. நான் போய் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

செய்தி போய் முதலாளி வந்தார், குடை பிடித்துக்கொண்டு. எழுத்தைக் குனிந்து பார்த்தார். “சரி, கெடச்சிட்டுல்லா, நல்லதாப் போச்சு” என்றார். கூட வந்த ஆட்களைப் பார்த்து, “தூக்குங்கலே” என்றார்.

நீ போய் நங்கூரத்தின் மேல் உட்கார்ந்தாய். மண்ணும் வியர்வையுமாக, காலை நீட்டி, ராணி மாதிரி உட்கார்ந்தாய். ஆட்கள் கிட்டே வரவில்லை.

“தூக்கதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும் முதலாளி.”

“என்ன சொல்லணும்?”

“அன்னைக்குப் பண்டகசாலை வாசல்ல சனத்துக்கு முன்ன ஒண்ணு சொன்னியல்லா. அத இங்கன மாத்திச் சொல்லணும்.”

அவர் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல முதலாளி. கடல் எரையுது. சத்தமாச் சொல்லுங்க.”

“தண்டல் மேல தப்பு இல்ல” என்றார் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தி.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். காதில் கிண்ணம் மாட்டியபடியே நான் நின்றேன். “எனக்கும் ஒண்ணும் கேக்கல” என்றேன். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நீ அசையவில்லை.

“சத்தமா, முதலாளி.”

“தண்டல் கள்ளன் இல்ல! நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்!” என்று அவர் கத்தினார். உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும். நீ எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “இப்பத் தூக்குங்க” என்றாய்.

போகும்போது முதலாளி அண்ணன் பக்கம் திரும்பி, தோணியை மறுபடியும் எடுத்துக்கொள் என்றார். அண்ணன் குருசைப் பிடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “யோசிச்சுச் சொல்லுதேன் முதலாளி.” யோசிக்கவே இல்லை. அந்த வாரமே வேறொருவர் தோணியில் ஏறினார், திசைகாட்டிப் பெட்டியோடு. குருசு அதே இடத்தில் திரும்ப நின்றது, இப்போது அடியில் வெறும் மண்தான். பாஸ்குக்கு வந்த சாமியார் மந்திரித்துவிட்டுப் போனார். மிஷினின் பாட்டரி தீர்ந்து, எங்கள் கடையிலிருந்து அது யார் கைக்குப் போயிற்று என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் காலமானபோது நீ கொழும்பில் மகளோடு இருந்தாய். பதினாறாம் நாள் முடிந்து அவருடைய பங்காளிகள் கடைக்கு வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பொம்பளைக்கு எதற்குக் கடை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மெல்லிய குரலில், எனக்கு நல்லது செய்கிறவர்கள் போலப் பேசினார்கள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன் என்றுதான் இருந்தது. அப்போது என் வாயிலிருந்து தானாக வந்தது:

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க. தெருவுக்குக் கேக்கச் சொல்லுங்க.”

வாசலில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முணுமுணுப்பாகச் சொல்ல முடிந்ததைத் தெரு கேட்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து என் பிள்ளைகள் அத்தனை பேரையும் அந்தக் கடைதான் வளர்த்தது.

ஏளா, எனக்கு இப்போது பல் போயிற்று, கண் மங்கிவிட்டது, குரலும் கம்மிவிட்டது. பேத்திகள் “என்ன ஆச்சி சொல்லுதிய?” என்று கிட்டே வந்து கேட்கிறார்கள். ‘சத்தமாச் சொல்லுங்க’ என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இன்னும் கம்மவில்லை. அது என் குரல் இல்லை, உன் குரல்.